வீட்டில் ஹாம்ஸ்டர் வளர்ப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹாம்ஸ்டர் வாங்க நினைப்பவர்களும், வாங்கிவிட்டு என்ன செய்வதென்று தவிப்பவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சென்னையில் ஓர் இரண்டாம் மாடி வீட்டில் பல ஆண்டுகள் இவற்றை வளர்த்ததில் கற்றதும், கால்நடை மருத்துவர்களிடம் கேட்டுத் தெளிந்ததுமே இந்த விடைகள். ஹாம்ஸ்டர் மண்ணுக்கு அடியில் ஆழமாக வளை தோண்டித் தனியாக வாழும் விலங்கு. இதை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால், கீழே சொல்லியிருப்பவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் தானாகவே விளங்கும்.

ஹாம்ஸ்டரும் வெள்ளெலியும் ஒன்றா? இது எந்த ஊர் விலங்கு?

ஒன்றல்ல. ஆய்வுக்கூடங்களில் வளர்க்கும் வெள்ளெலி, வீட்டு எலியின் உறவு. அதற்கு நீண்ட வால் உண்டு, கூட்டமாக வாழும். ஹாம்ஸ்டருக்கு வால் ஒரு சிறு முளை அளவுக்குத்தான் இருக்கும். கன்னத்தின் உட்புறம் தோள்வரை நீளும் இரண்டு பைகள் இருக்கும். கிடைத்த தானியத்தை அந்தப் பைகளில் அடைத்துக்கொண்டு வளைக்குத் தூக்கிச் செல்வது இதன் இயல்பு.

கடைகளில் அதிகமாக விற்கப்படும் பொன்னிற ஹாம்ஸ்டரின் (சிரியா ஹாம்ஸ்டர் என்பதும் இதுதான்) தாயகம் சிரியாவின் வடபகுதியும் அதை ஒட்டிய துருக்கியும் ஆகும். 1930இல் இஸ்ரேல் அஹரோனி என்ற விலங்கியலாளர் அலெப்போ நகருக்கு அருகில் ஒரு வயலைத் தோண்டச் செய்து, ஒரு தாயையும் அதன் குட்டிகளையும் பிடித்து ஜெருசலேமுக்குக் கொண்டுவந்தார். அவற்றில் சில இறந்தன, சில தப்பியோடின. எஞ்சிய மிகச் சிலவற்றின் வழித்தோன்றல்களே இன்று உலகெங்கும் வீடுகளில் இருக்கும் சிரியா ஹாம்ஸ்டர்களில் ஏறத்தாழ அனைத்தும். அலெப்போ வட்டாரத்து வயல்களில் பின்னாளில் இவற்றின் வளைகளை அளந்தவர்கள், அவை சராசரியாக 65 செ.மீ. ஆழத்தில் இருந்ததையும், ஒரு வளைக்கு ஒரே ஒரு வளர்ந்த ஹாம்ஸ்டர்தான் இருந்ததையும் கண்டார்கள்.

எந்த வகையை வாங்குவது நல்லது?

முதன்முறை வளர்ப்பவர்களுக்குச் சிரியா ஹாம்ஸ்டரையே சொல்வேன். 100 முதல் 200 கிராம் வரை எடை இருப்பதால் கையில் பிடிக்க வசதியானது, நிதானமாகப் பழகும். கேம்ப்பெல், விண்டர் ஒயிட் என்ற பெயர்களில் வரும் குட்டை வகைகள் கடைகளில் பெரும்பாலும் இரண்டும் கலந்த கலப்பினமாகவே இருக்கும். அவற்றுக்குச் சர்க்கரை நோய் எளிதில் வரும். ரோபோரோவ்ஸ்கி இவை எல்லாவற்றிலும் சிறியது, 20 முதல் 25 கிராம்தான். அதைப் பார்த்து மகிழலாம். கையில் அடங்கி உட்காரும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

வாங்கும்போது கண்கள் பளிச்சென்றும் மூக்கு உலர்ந்தும் இருக்கிறதா, வாலடி சுத்தமாக இருக்கிறதா என்று பாருங்கள். அதே கூண்டில் ஒன்றுக்கு வயிற்றுப்போக்கு இருந்தாலும் அந்தக் கூண்டிலிருந்து எதையும் வாங்காதீர்கள். செல்லப்பிராணிக் கடைகளுக்கான 2018ஆம் ஆண்டு விதிகள் ஹாம்ஸ்டருக்கும் பொருந்தும். எனவே கடைக்குப் பதிவு இருக்கிறதா என்று கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு, தயங்காமல் கேளுங்கள்.

ஒன்றை மட்டும் வளர்த்தால் அது ஏங்கிவிடாதா? ஜோடியாக வாங்கலாமா?

சிரியா ஹாம்ஸ்டரைப் பொறுத்தவரை கட்டாயமாகக் கூடாது. பிறந்து ஆறு முதல் பத்து வாரத்துக்குள் உடன்பிறப்புகளே ஒன்றையொன்று தாக்கத் தொடங்கும். என் முதல் அனுபவமே இந்தக் கேள்வியில்தான் தொடங்கியது. "ரெண்டும் பொண்ணு, சேர்ந்தே இருக்கும்" என்று கடைக்காரர் சொன்னதை நம்பி இரண்டை வாங்கி வந்தேன். மூன்று வாரம் ஒரே கூட்டில் சுருண்டு படுத்திருந்தன; நானும் அதை அன்பு என்று எண்ணினேன். ஒரு விடியற்காலையில் பார்த்தபோது ஒன்று மூலையில் ஒடுங்கியிருந்தது, அதன் அடிவயிற்றில் காயம். மருத்துவரிடம் கொண்டுபோயும் அன்று மாலையே இறந்துவிட்டது. அதற்கு முந்தைய நாள்களில் அது பகல் முழுவதும் கூட்டை விட்டு வெளியே வந்து கிடந்ததை நான் கவனித்திருந்தேன். விரட்டப்பட்டதால்தான் அப்படிக் கிடந்தது என்று எனக்குத் தெரியாமல் போனது.

குட்டை வகைகள் சில நேரம் சேர்ந்து வாழும் என்பது உண்மை. ஆனால் எந்த நேரத்திலும் சண்டை மூளலாம் என்பதால், இரண்டாவது கூண்டைத் தயாராக வைத்திராதவர்கள் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம். தனிமை நமக்குத்தான் துயரம். ஹாம்ஸ்டருக்கு இன்னொரு ஹாம்ஸ்டரின் வாடையே அச்சுறுத்தலாகும்.

கடையில் கொடுக்கும் கம்பிக் கூண்டு போதாதா?

போதாது. வண்ண வண்ணக் குழாய்களும் இரண்டு மாடியும் வைத்து விற்கப்படும் அந்தச் சிறிய கூண்டுகளில் தோண்டுவதற்கு இடமே இல்லை. குறைந்தது 100 செ.மீ. நீளமும் 50 செ.மீ. அகலமும் கொண்ட ஒரே தளமும், அதில் 20 முதல் 30 செ.மீ. ஆழத்துக்குப் பரப்பும் (அடியில் நிரப்பும் காகிதத் துணுக்கு, வைக்கோல் போன்றவை) வேண்டும். இதற்குப் பெரிய செலவு தேவையில்லை. ஒழுகுகிறது என்று ஒதுக்கப்பட்ட பழைய மீன் தொட்டி மிக நல்ல வீடாகும். மேலே கம்பி வலை போட்டு மூடினால் காற்றோட்டம் கிடைக்கும். பெரிய பிளாஸ்டிக் பெட்டியின் மூடியை வெட்டி வலை பொருத்தியும் செய்துகொள்ளலாம்.

கம்பியை இரவு முழுவதும் கடித்துக்கொண்டே இருக்கும் ஹாம்ஸ்டரைப் பார்த்து "பல்லைத் தீட்டுகிறது" என்று பலர் சொல்கிறார்கள். அது தவறு. இடம் போதாமல் தவிக்கும் விலங்கின் செயல் அது. உயரமான மாடிகளும் ஆபத்தே, ஏனென்றால் ஹாம்ஸ்டருக்குப் பார்வை மங்கல், உயரத்தைக் கணிக்கத் தெரியாது. விளிம்பு வந்ததும் நேரே காலை எடுத்து வைத்துவிடும்.

அடியில் எதைப் பரப்புவது?

அச்சு மை இல்லாத காகிதத் துணுக்குகள், காகிதக்கூழால் ஆன பரப்பு, வைக்கோல் ஆகியவற்றைக் கலந்து போட்டால் சுரங்கம் இடிந்து விழாமல் நிற்கும். தச்சுப் பட்டறையில் கிடைக்கும் மரத்தூள் நுரையீரலுக்குக் கேடு. இழைப்புளிச் சுருள் என்றால் எந்த மரத்துடையது என்று தெரிந்துகொள்ள வேண்டும். வாசனை தூக்கலாக இருக்கும் பைன், தேவதாரு போன்ற மரங்களுடையது வேண்டவே வேண்டாம். "ஹாம்ஸ்டர் பஞ்சு" என்று விற்கப்படும் பஞ்சை எக்காரணம் கொண்டும் வாங்காதீர்கள். அதன் இழை காலில் சுற்றி இறுகும், விழுங்கினால் குடலை அடைக்கும். அதற்குப் பதிலாக வாசனை சேர்க்காத டிஷ்யூ தாளைக் கிழித்துப் போடுங்கள். அதை ஒரு துண்டுகூட விடாமல் கன்னத்தில் அடைத்துக்கொண்டு போய்த் தானே மெத்தை செய்துகொள்ளும்.

முழுப் பரப்பையும் வாரந்தோறும் மாற்றினால் அதன் வாடை முழுவதும் போய்விடும், அது பதறிப்போகும். சிறுநீர் கழிக்கும் மூலையை மட்டும் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அள்ளி எடுத்தால் போதும். மொத்தமாக மாற்றும்போதும் பழையதில் ஒரு பங்கைத் திரும்பப் போடுங்கள்.

சக்கரம் அவசியமா?

மிகவும் அவசியம். இரவில் பல கிலோமீட்டர் ஓடக்கூடிய விலங்கு இது. சிரியா வகைக்கு 28 செ.மீ. விட்டமும், குட்டை வகைக்கு 20 செ.மீ. விட்டமும் உள்ள சக்கரம் வேண்டும். ஓடும்போது முதுகு வளைந்தால் சக்கரம் சிறியது என்று பொருள். கம்பிச் சக்கரத்தில் கால் சிக்கி முறியும், ஆகவே ஓடுதளம் இடைவெளியில்லாமல் இருக்க வேண்டும். தரையில் உருட்டிவிடும் பிளாஸ்டிக் பந்துக்குள் அடைப்பது விளையாட்டு அல்ல. உள்ளே காற்றும் குறைவு, எங்கே மோதுகிறோம் என்பதும் அதற்குத் தெரியாது.

நம் ஊர் வெயிலை இது தாங்குமா?

மற்ற எல்லாக் கேள்விகளையும்விட இதற்குத்தான் அதிகக் கவனம் தேவை. ஹாம்ஸ்டருக்கு உகந்த வெப்பநிலை 20 முதல் 24 டிகிரி. 30ஐத் தாண்டினால் அது சோர்வடையத் தொடங்கும். மே மாதத்தில் சென்னையிலோ வேலூரிலோ திருச்சியிலோ 40 டிகிரி அடிக்கும்போது மூடிய அறைக்குள் அது உயிர்பிழைப்பதே கடினம். "பாலைவனத்து விலங்குதானே, வெயில் பழக்கம்தான்" என்று சிலர் சொல்வதுண்டு. அலெப்போவின் வெயிலில் அது நடமாடுவதில்லை. அரை மீட்டருக்கும் கீழே குளிர்ந்த மண்ணுக்குள் உறங்குகிறது.

ஏ.சி. இருக்கும் அறையில் வைத்து 25 அல்லது 26 டிகிரியில் ஓடவிடுவதே பாதுகாப்பு. அது இயலாத வீடுகளில் பின்வருமாறு செய்யலாம். கூண்டை வீட்டிலேயே குளிர்ச்சியான இடத்தில், தரைமட்டத்தில், மேற்குச் சுவரில் இருந்து விலக்கி வையுங்கள். மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள அறை வேண்டாம். சுடுமண் பூந்தொட்டி ஒன்றைப் பக்கவாட்டில் படுக்கவைத்துப் பாதி புதைத்துவிடுங்கள். பகலில் அது அதற்குள் புகுந்து வயிற்றை மண்ணில் அழுத்திப் படுத்துக்கொள்ளும். தரையில் பதிக்கும் கடப்பைக் கல் துண்டும் இதேபோல் உதவும். உறையவைத்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிக் கூண்டின் ஒரு மூலையில் வைத்தால், வேண்டும்போது அருகே வரும், வேண்டாதபோது விலகிக்கொள்ளும். மின்விசிறியை மட்டும் நம்பாதீர்கள். ஹாம்ஸ்டருக்கு நம்மைப்போல் வியர்ப்பதில்லை என்பதால், சூடான காற்றை அதன் மேல் வீசுவதால் பயனில்லை. ஈரத்துணியால் கூண்டை முழுவதும் மூடுவதும் கடற்கரை ஊர்களில் புழுக்கத்தைத்தான் கூட்டும்.

உடலை நீட்டித் தட்டையாகக் கிடப்பது வெப்பத்தின் முதல் அறிகுறி. வேகமாக மூச்சு வாங்குவதும், வாயோரம் நனைந்திருப்பதும், தொட்டால் துவண்டு கிடப்பதும் ஆபத்தின் அறிகுறிகள். உடனே குளிர்ந்த அறைக்குக் கொண்டுபோய், சாதாரணத் தண்ணீரில் நனைத்த துணியால் பாதங்களையும் காதுகளையும் ஒற்றி எடுங்கள். ஐஸ் தண்ணீரில் முக்கினால் அதிர்ச்சியிலேயே இறந்துவிடும். விழுங்கும் நிலையில் இருந்தால் மட்டும் ஒவ்வொரு சொட்டாகத் தண்ணீர் கொடுத்து, தேறியதுபோல் தெரிந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கூண்டில் எறும்பு ஏறுகிறது. என்ன செய்வது?

வெளிநாட்டு வளர்ப்புக் குறிப்புகளில் எழுதியிராத, நம் வீடுகளில் அன்றாடம் வரும் தொல்லை இது. ஹாம்ஸ்டர் பதுக்கிய உணவைத் தேடி எறும்பு வரும். செவ்வெறும்பாக இருந்தால் குட்டிகளைக் கொன்றே விடும். எறும்புச் சாக்பீஸ், எறும்புப் பொடி, பூச்சி மருந்து எதையும் கூண்டின் அருகில் பயன்படுத்தாதீர்கள். கூண்டை நான்கு கால் உள்ள பலகை மேல் வைத்து, ஒவ்வொரு காலையும் தண்ணீர் ஊற்றிய கிண்ணத்தில் நிறுத்துங்கள். பாட்டி காலத்தில் தின்பண்ட அலமாரிக்குச் செய்ததேதான். பழம், முட்டை போன்ற ஈரமான உணவின் மிச்சத்தைக் காலையில் எடுத்துவிடுங்கள். கொசுவத்திச் சுருள், ஊதுபத்தி, சாம்பிராணிப் புகை, பினாயில் வாடை ஆகியவையும் அதன் சிறிய நுரையீரலுக்கு ஆகாது.

என்ன உணவு கொடுக்கலாம்?

சிரியா ஹாம்ஸ்டருக்கு நாளொன்றுக்குச் சுமார் 10 கிராம் உலர் உணவு போதும். குட்டை வகைக்கு 6 கிராம் அளவு. நம் மளிகைக் கடையிலேயே பெரும்பகுதி கிடைத்துவிடும். கம்பு, தினை, சாமை, கேழ்வரகு, கோதுமை, ஓட்ஸ் ஆகியவற்றைக் கலந்து, கொஞ்சம் பூசணி விதையும் மிகக் குறைவாகச் சூரியகாந்தி விதையும் சேர்க்கலாம். ஆனால் தானியத்தை மட்டும் கொடுத்தால் பிடித்ததைப் பொறுக்கிக்கொண்டு மற்றதை ஒதுக்கிவிடும். ஆகவே ஹாம்ஸ்டருக்கென்றே தயாரித்த உணவையும் அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள், சர்க்கரையும் வண்ண உருண்டைகளும் சேர்ந்ததைத் தவிருங்கள். வாரத்தில் இரண்டு மூன்று முறை, சுண்டுவிரல் நுனி அளவு அவித்த முட்டையோ உப்பில்லாமல் வேகவைத்த கோழிக்கறியோ புரதத்துக்குக் கொடுக்கலாம். வெள்ளரி, கேரட், கொத்தமல்லித் தழை சிறிதளவு நல்லது. வெயில் காலத்தில் வெள்ளரித் துண்டு தண்ணீர்ச் சத்துக்கும் உதவும்.

வெங்காயம், பூண்டு, எலுமிச்சை, ஆரஞ்சு, சாக்லேட், பச்சை உருளைக்கிழங்கு, ஆப்பிள் விதை, ஊறவைக்காத பீன்ஸ் வகைகள் ஆகியவை கூடாது. பூசணம் பிடித்த வேர்க்கடலையும் நஞ்சு. அன்பு மிகுதியால் தயிர்சாதமும் பிஸ்கட்டும் ஊட்டுகிறவர்களை அதிகம் பார்க்கிறேன். பிசுபிசுப்பானது கன்னப்பையில் ஒட்டிக்கொண்டு அழுகிப் புண்ணாகும், தயவுசெய்து நிறுத்திவிடுங்கள்.

இரவு பத்து மணிக்கு மேல் விளக்கை அணைத்துவிட்டு அதன் அருகே சற்று உட்கார்ந்து பாருங்கள். ஒரு பூசணி விதையை இரு கைகளாலும் எடுத்து, வாட்டமாகத் திருப்பி, கன்னத்தில் செருகும். முகம் உடம்பைவிட அகலமாகும்வரை நிரப்பிக்கொண்டு வளைக்குள் போய், முன்கால்களால் கன்னத்தைப் பின்னிருந்து முன்னே தள்ளித் தள்ளி எல்லாவற்றையும் வெளியே கொட்டும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது. கிண்ணத்தில் வைப்பதை நிறுத்திவிட்டு உணவைப் பரப்பெங்கும் தூவிவிடுவது, இந்த வேலையை அது நிறைவாகச் செய்வதற்காகத்தான்.

குளிப்பாட்டலாமா?

கூடாது. நனைந்தால் உடல் சூடு குறைந்து நோய் வரும். ஒரு மண் தட்டில் மணல் வையுங்கள். அதில் புரண்டு தானே சுத்தம் செய்துகொள்ளும். ஆற்று மணலைச் சலித்து, கழுவி, வாணலியில் வறுத்து ஆறவைத்துப் பயன்படுத்தலாம். கட்டட வேலைக்கான எம்-சாண்ட் பாறைத்தூள், அது வேண்டாம். சின்சில்லா என்ற விலங்குக்கென்று விற்கும் பொடியும் மூச்சுக்குழலை உறுத்தும்.

கையில் எடுத்தால் கடிக்கிறதே?

புதிதாக வந்த ஹாம்ஸ்டரை ஒரு வாரம் தொடவே வேண்டாம். பிறகு மாலையில் அது தானாக எழுந்த நேரத்தில், கையைச் சோப்புப் போட்டுக் கழுவி (உணவு வாடை இருந்தால் விரலையும் உணவென்றே நினைக்கும்), உள்ளங்கையில் ஒரு விதையை வைத்துக் காத்திருங்கள். மேலிருந்து கையை இறக்கிப் பிடித்தால் பருந்து பாய்வதுபோல் அதற்குத் தோன்றும். எடுக்கும்போது கட்டில் மேலோ தரையிலோ உட்கார்ந்துகொள்ளுங்கள். நின்றுகொண்டிருப்பவர் கையிலிருந்து விழுந்தால் எலும்பு முறியும். தூங்குவதை எழுப்பினால் எவ்வளவு பழகியதும் கடிக்கும், அதைக் குறை சொல்லக் கூடாது.

வாலடி ஈரமாக இருக்கிறது, சாப்பிடவில்லை. காத்திருக்கலாமா?

ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. "வெட் டெயில்" எனப்படும் குடல் நோயாக இருக்கலாம். குறிப்பாகப் பால் மறந்த இளம் ஹாம்ஸ்டர்களுக்கு, கடையிலிருந்து வீட்டுக்கு வந்த அதிர்ச்சியில் இது வரும். இரண்டு மூன்று நாள்களில் உயிரைப் பறித்துவிடும்.

வீட்டில் இருக்கும் மாத்திரையைப் பொடித்துக் கொடுக்காதீர்கள் என்பதை மன்றாடியே கேட்டுக்கொள்கிறேன். பெனிசிலின், ஆம்பிசிலின், அமாக்சிசிலின், லிங்கோமைசின், கிளிண்டாமைசின் போன்ற நமக்குப் பழக்கமான மருந்துகள், ஹாம்ஸ்டரின் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்களை அழித்து, கெட்டவற்றைப் பெருகவைத்து, அதைக் கொன்றுவிடும். நாய், பூனை மட்டும் பார்க்கும் மருத்துவர்கள் சிலருக்கு இது நினைவில் இல்லாமல் போகலாம், பணிவாக நினைவூட்டுங்கள். சிறு விலங்குகளையும் பறவைகளையும் பார்க்கும் மருத்துவர் உங்கள் ஊரில் யார் என்பதை, ஹாம்ஸ்டரை வாங்குவதற்கு முன்பே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இடுப்பில் கறுப்பாக ஏதோ இருக்கிறது, பல்லும் மஞ்சளாக இருக்கிறது. நோயா?

சிரியா ஹாம்ஸ்டரின் இடுப்பின் இருபுறமும் ஒரே மாதிரியான கறுத்த புள்ளிகள் இருந்தால் அவை வாசனைச் சுரப்பிகள். குட்டை வகைகளுக்கு இது வயிற்றின் நடுவில் ஒன்று இருக்கும். ஒருபக்கம் மட்டும் வளரும் கட்டியைத்தான் மருத்துவரிடம் காட்ட வேண்டும். முன்பல் மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ இருப்பது ஆரோக்கியமே, வெளுத்திருந்தால்தான் கவலை. பல் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பதால், கடிக்க வேப்பங்குச்சி, கொய்யாக் குச்சி போடலாம், மருந்து தெளிக்காத மரமாக இருந்தால். பெண் ஹாம்ஸ்டருக்கு நான்கு நாளுக்கு ஒருமுறை வெண்மையான கசிவு வருவது இயல்பு. இரத்தமும் நாற்றமும் கலந்து தொடர்ந்து வந்தால் அது கருப்பைச் சீழாக இருக்கலாம்.

இதனால் நமக்கு நோய் வருமா?

கை கழுவும் பழக்கம் இருந்தால் அச்சம் தேவையில்லை. சால்மோனெல்லா, படர்தாமரை ஆகியவை பரவலாம். வீட்டுச் சுண்டெலிகளிடமிருந்து ஹாம்ஸ்டருக்கு ஒட்டும் ஒரு வைரஸ் கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடியது என்பதால், கருவுற்ற பெண்கள் கூண்டைச் சுத்தம் செய்யும் வேலையைப் பிறரிடம் விடுவது நல்லது. 2022 ஜனவரியில் ஹாங்காங்கில் ஒரு செல்லப்பிராணிக் கடையின் ஹாம்ஸ்டர்களிடம் கொரோனா கண்டறியப்பட்டு, ஏறத்தாழ 2,000 சிறு விலங்குகள் கொல்லப்பட்டன. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு வீட்டிலிருந்ததைத் தெருவில் விட்டவர்களும் உண்டு. தெருவில் விட்டால் காக்கைக்கும் பூனைக்கும் ஒரு மணி நேரத்தில் இரையாகும். வளர்க்க இயலாவிட்டால் வேறு வீடு தேடிக் கொடுங்கள்.

கடித்துவிட்டால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, தடுப்பூசி பற்றி மருத்துவரைக் கேளுங்கள்.

திடீரென்று குட்டி போட்டுவிட்டது!

கடையிலேயே சினையாகி வந்திருக்கும். சிரியா ஹாம்ஸ்டரின் சினைக்காலம் வெறும் 16 நாள்தான். இரண்டு வாரத்துக்குக் குட்டிகளைத் தொடாதீர்கள், கூட்டைக் கலைக்காதீர்கள். பதற்றமடைந்த தாய் குட்டிகளைத் தின்றுவிடும். தண்ணீரும் முட்டையும் தாராளமாக வைத்துவிட்டு விலகியிருங்கள். நான்காவது வாரத்துக்குள் ஆண், பெண்ணைப் பிரித்தாக வேண்டும்.

ஊட்டியில் இருக்கிறோம். காலையில் சில்லிட்டு அசையாமல் கிடக்கிறது, இறந்துவிட்டதா?

அவசரப்பட்டுப் புதைத்துவிடாதீர்கள். கடுங்குளிரில் ஹாம்ஸ்டர் மூச்சையும் இதயத் துடிப்பையும் மிகவும் குறைத்துக்கொண்டு உறைதூக்கத்தில் ஆழும். உடல் விறைக்காமல், மீசை முடியில் அவ்வப்போது சிறு அசைவு தெரிந்தால் உயிர் இருக்கிறது. இரு கைகளுக்கு இடையில் வைத்து, அறையையும் மெல்லச் சூடாக்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் பொறுத்திருங்கள். அடுப்பருகிலோ ஹீட்டர் முன்போ வைக்காதீர்கள்.

எட்டு வயதுப் பிள்ளைக்குப் பிறந்தநாள் பரிசாக வாங்கலாமா?

பொறுப்பைப் பெற்றோர் ஏற்பதானால் வாங்கலாம். பிள்ளை விழித்திருக்கும் நேரமெல்லாம் இது தூங்கும், பிள்ளை தூங்கும்போது ஓடும். கட்டிப்பிடித்துக் கொஞ்ச விரும்பும் பிள்ளைக்கு இது பொருந்தாது. கவனித்துப் பார்க்கும் பொறுமை உள்ள பிள்ளைக்கு மிகவும் பொருந்தும்.

எத்தனை ஆண்டு வாழும்? வயதானால் எப்படிக் கவனிப்பது?

இரண்டு முதல் மூன்று ஆண்டு. ஒன்றரை வயதுக்குப் பிறகு முடி உதிரும், கண்ணில் புரை விழும், சக்கரத்தில் ஓடுவது குறையும். அப்போது சக்கரத்தைத் தாழ்த்தி, உணவையும் தண்ணீரையும் கூட்டின் அருகிலேயே வைத்து, உலர் உணவை வெந்நீரில் ஊறவைத்துக் கொடுக்க வேண்டும். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். தொடர்ந்து குறைந்தால் பல்லோ சிறுநீரகமோ காரணமாக இருக்கலாம்.

கடுகு என்ற எங்கள் வீட்டு ஹாம்ஸ்டர் இரண்டு ஆண்டு இரண்டு மாதம் வாழ்ந்தது. கடைசி வாரங்களில் கண் தெரியவில்லை. இருந்தாலும் மூடியைத் திறக்கும் ஓசை கேட்டால் வளையிலிருந்து மூக்கை மட்டும் நீட்டும். ஊறிய ஓட்ஸை விரல் நுனியில் வைத்தால் நக்கிச் சாப்பிடும். அது போன பிறகு தொட்டியைக் கிளறிக் காலி செய்தபோது, அடியாழத்தில், டிஷ்யூ தாளில் பொதிந்து, இரண்டு கைப்பிடிப் பூசணி விதை இருந்தது.